கண்மாய்க்கு ஒரு கொட்டைகூட இல்லை

அந்த டேப்லெட்டைப் பைக்குள்ள வைங்க சார். முதல்ல அதை வைங்க, அப்புறம் உக்காருங்க. நாற்காலி அந்தா கெடக்கு. தண்ணி வேணும்னா தர்றேன். பதில் மட்டும் இப்பக் கேக்காதீக.

நீங்க யாருன்னு சொல்லிட்டீக, சரி. அணுகுசாலை போடுறதுக்கு முன்னாடி ஊர்ச்சனம் என்ன நினைக்குதுன்னு எழுதிட்டுப் போக வந்திருக்கீக. கண்மாய்ல பாதியை ஏற்கெனவே நாலுவழிச் சாலை முழுங்கிருச்சு. மிச்சம் கெடக்குற பாதியையும் மண்ணடிச்சு மூடினா அந்தச் சாலையில இருந்து ஊருக்கு ஒரு ரோடு இறக்கலாம். ரோடு வேணுமா, மிச்சக் கண்மாய் வேணுமா. அம்புட்டுத்தான கேள்வி? இருபத்திரண்டு கேள்வியா? இருக்கட்டும். இருபத்திரண்டும் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

இப்படித்தான் சார் மூணு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தி வந்தா. வாய் நிறைய அக்கா அக்கான்னு கூப்பிட்டுக் கேள்வி கேட்டா. அவ கேட்டுட்டுப் போனா, கண்மாய் போச்சு. அதைக் கேட்டுட்டு அப்புறம் உங்க மிஷினை எடுங்க.

என் பேரு சௌந்திரம். இந்த ஊரு மகளிர் குழுவுக்குப் பதினோரு வருசமா நான்தான் தலைவி. எம் பேச்சைத் தட்ட இங்க ஆளு கெடையாது. பெருமைக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன்.

அந்தப் பொண்ணு பேரு வினோதினி. யுனிவர்சிட்டியில பிஎச்டி படிக்கிறவ. பங்குனி வெயில்ல குடைகூட இல்லாம வந்து வாசல்ல நின்னா. என்னம்மா படிக்கிறன்னு கேட்டேன். ஒரே மூச்சுல சொன்னா, "கிராமப்புற நீர்நிலைகளின் நீடித்த நிலைத்தன்மையும் சுற்றுச்சூழல் சார்ந்த முடிவெடுத்தலில் மக்கள் பங்கேற்பும்"னு. எப்படி ஒரு எழுத்துப் பிசகாமச் சொல்றேன் பாத்தீகளா? திட்டுறதுக்குன்னே மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்.

ரெண்டரை மாசம் என் வீட்டுலதான் இருந்தா. இந்தா, இந்த ரூம்புதான். உறைப்பு ஆகாதுன்னு அவளுக்குத் தனியா ரசம் வச்சுக் குடுத்தேன். கண்மாய்ல எத்தனை மடை, கலுங்கு எந்தப் பக்கம், எந்த மாசம் எம்புட்டுத் தண்ணி, எல்லாத்தையும் எழுதுனா. நாரையை எண்ணுனா. தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சா, மண்ணைப் பொட்டலம் கட்டுனா. முந்நூறு பக்கம் சார். நல்லாத்தான் எழுதியிருக்கா, நான் இல்லேங்கல. அந்த முந்நூறை எவன் படிச்சான்? ஒரே ஒரு பக்கத்தைத்தான படிச்சாக.

அது எந்தப் பக்கம்னு சொல்றேன்.

கெளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, சமுதாயக்கூடத்துல பொம்பளைகளை எல்லாம் வரச் சொன்னா. தரையில ஏழு சார்ட்டு விரிப்பாளாம். ஒண்ணுல ரோடு, ஒண்ணுல ஆஸ்பத்திரி, குடிதண்ணித் தொட்டி, பள்ளிக்கூடம், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, கடைசியா கண்மாய். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை குடுப்பாளாம். எது முக்கியமோ அதுல நிறைய வைக்கணும். முக்கியமில்லேன்னா வைக்க வேணாம். எழுதப் படிக்கத் தெரியாதவளும் தன் மனசைச் சொல்லலாமாம். அவுக படிப்புல இது ஒரு முறையாம்.

முதல் நாளே எனக்கு விவரத்தைச் சொல்லிட்டா. நான் குழுவைக் கூட்டிட்டேன். கூட்ட மாட்டேனா? தலைவின்னா சும்மாவா?

நீங்களே சொல்லுங்க சார். ஃபாரத்தைத் தூக்கிட்டு ஒருத்தர் வந்து என்ன முக்கியம்னு கேட்டா, இருக்குறதைச் சொல்லுவீகளா, இல்லாததைச் சொல்லுவீகளா? அதுக்கும் ஒரு அஞ்சு வருசம் முந்தி, தண்ணி வசதி எப்படின்னு ஒருத்தர் கேட்டு வந்தாரு. எங்க ஆளுக வெள்ளந்தியா, அடிபம்பு ரெண்டு இருக்கு, நல்லாத்தான் வருதுன்னுட்டாக. மேல்நிலைத் தொட்டி பக்கத்து ஊருக்குப் போயிருச்சு. அந்த ஊர்ல நாலு அடிபம்பு இருந்துச்சு. ஒருத்தன் வாயைத் திறக்கலையே. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அன்னிக்குப் பிடிச்சு நான் ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். ஃபாரத்தோட வர்றவக கிட்ட எதையும் இருக்குன்னு சொல்லக் கூடாது.

அதைத்தான் சொன்னேன் பொம்பளைக கிட்ட. கண்மாய் இருக்குல்ல? பூட்டன் காலத்துல இருந்து இருக்கு. அதை எவன் மடியில கட்டிட்டுப் போகப் போறான்? அதுக்குப் போயி எதுக்குக் கொட்டையை வீணாக்குறது? இல்லாதது ரோடு. மெயின்ரோட்டுல இருந்து ஊருக்கு மூணு கிலோமீட்டர். நாலு தூறல் விழுந்தா ஆட்டோக்காரன் வரமாட்டேன்னுர்றான். என் மருமக வலியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, டிராக்டர் டிரெய்லர்ல வைக்கோலைப் பரப்பி அதுல படுக்கப் போட்டுக் கொண்டுபோனோம். பாதி வழியில அவ கத்துன கத்து இன்னும் என் காதுல இருக்கு. அதனால எல்லாரும் ரோட்டுல வைங்கன்னேன். பிரிச்சுப் பிரிச்சு வச்சா எதுவும் கெடைக்காது. எல்லாத்தையும் ரோட்டுல வைங்க, எந்த அதிகாரி இல்லேங்கிறான்னு பாப்போம்னேன்.

எல்லாரும் சரின்னாக. பஞ்சவர்ணம் மட்டும் ஒண்ணும் சொல்லல.

பஞ்சவர்ணம் யாருன்னா, என் ஓரகத்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி. பக்கத்து வீடுதான், சுவரு ஒண்ணுதான். கொழுந்தன் செத்து ஆறு வருசமாச்சு. நாலு எருமை வச்சிருந்தா. கண்மாய் உள்வாயில மேய்ச்சுப் பால் ஊத்தித்தான் ரெண்டு பொண்ணுகளைப் படிக்க வச்சா. அவ எப்பவும் அப்படித்தான் சார். கூட்டத்துல வாயைத் திறக்க மாட்டா, போயி தன் இஷ்டத்துக்குச் செய்வா.

மறுநாள் நாப்பத்திரண்டு பேரு வந்தோம். அந்தப் பொண்ணு ஆளுக்குப் பத்தா எண்ணிக் குடுத்துட்டு என்ன பண்ணா தெரியுமா? "நான் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் பிடிச்ச மாதிரி வைப்பீங்க அக்கா, அது தப்பாயிரும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்"னு சொல்லிட்டு சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டா. முதுகைக் காட்டிக்கிட்டு அரை மணி நேரம்.

பொம்பளைக ஒருத்தி ஒருத்தியா வந்து ரோட்டுல வச்சாக. ரெண்டு மூணு பேரு ஆஸ்பத்திரிப் பக்கம் நழுவிட்டாக. அதை நான் கண்டுக்கல. அது அவுக அவுக மனசு.

பஞ்சவர்ணம் வந்தா. பத்தையும் கண்மாய் படத்து மேல வச்சா. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி ஒண்ணு ஒண்ணா வச்சா. யார் முகத்தையும் பாக்கல. எருமை அவுத்து விட்டுக் கெடக்குன்னு போயிட்டா.

எனக்கு எப்படி இருக்கும் சார்? ஊரே ஒரு முடிவுக்கு வந்து நிக்கும்போது இவளுக்கு மட்டும் என்ன தனி நாட்டாமை? எருமை மேய்க்கக் கண்மாய் வேணும், சரி. பொண்ணுகளுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா ரோடு வேணாமா? வெளியாளுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரியே எனக்கு எதிரா வச்சான்னு ஆகிறக் கூடாதுல்ல. பத்தையும் அள்ளி ரோட்டுல வச்சேன். அவளுக்கும் சேத்துத்தான வச்சேன். மடியிலயா கட்டிக்கிட்டேன்?

பெரிய விசயமே இல்ல அது. நானூத்தி இருபதுல பத்து. எதுக்குச் சொல்ல வந்தேன்னா, அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்திருக்கணும். ஆராய்ச்சி பண்ண வந்தவ யாராச்சும் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாளா? அவ பாத்துக்கிட்டு இருந்தா நான் கையை நீட்டியிருப்பேனா? இம்புட்டுப் படிச்சவளுக்கு ஒரு பொறுப்பு வேணாமா?

கடைசியில எண்ணுனா. ரோட்டுக்கு முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு. ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு. கண்மாய்க்கு ஒண்ணுகூட இல்ல. அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. நாங்க கை தட்டுனோம்.

அவளுக்கு மேல ஒரு பேராசிரியர் இருக்காரு, ஞானசிகாமணின்னு. அவரு ஏதோ மாவட்டக் குழுவுல உறுப்பினராம். நாலுவழிச் சாலைக்கு மூணு தடம் வரைஞ்சு அந்தக் குழுவுல வச்சிருக்காக. ஒண்ணு வடக்க தரிசு வழியா, ஒண்ணு ரொம்பத் தள்ளிச் சுத்திக்கிட்டு, ஒண்ணு எங்க கண்மாய்க்குக் குறுக்கால. கண்மாய்ல போட்டா ஊர்க்காரக ஒத்துக்கிருவாகளான்னு பேச்சு வந்திருக்கு. இவரு இந்தப் பக்கத்தை எடுத்து நீட்டிட்டாரு. இந்தாங்க, இந்த ஊர் மக்களே கண்மாய் முக்கியமில்லேன்னு சொல்லிட்டாக, ரோடுதான் கேக்குறாகன்னு. பஞ்சாயத்துத் தலைவர் வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கேக்குறவன் கேனையனா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுதும்பாக. நாங்க கேட்டது ஊருக்குள்ள வர்ற மூணு கிலோமீட்டர் ரோடு. அவுக போட்டது எங்களைத் தாண்டிப் போற ரோடு.

மறு வருசம் சித்திரையில ஜேசிபி வந்துச்சு. ஊரே போயி மறிச்சோம். முன்னாடி நின்னது நான்தான். எஞ்சினியர் ஒருத்தர் வண்டியை விட்டு இறங்கி ஒரு தாளைக் காட்டுனாரு. "அம்மா, ரோடு வேணும்னு நீங்கதானே கேட்டிருக்கீங்க?" கூட்டத்துக்கு வந்தவக கையெழுத்துப் போட்ட தாளு. முதல் கையெழுத்து என்னுது. அந்த மனுசன் சிரிக்கக்கூட இல்ல, அதுதான் எனக்கு ஆத்திரம். சிரிச்சிருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

இப்பப் பாக்குறீகள்ல? மூணாம் மடை மண்ணுக்குள்ள போச்சு. என் ஒரு ஏக்கரு அந்த மடைப் பாசனம். இப்பக் கருவேலங்கண்டு முளைச்சுக் கெடக்கு. மழை பெஞ்சா தண்ணி போக வழியில்லாம கீழத்தெருவுல முட்டளவு நிக்குது. மழை நின்னா கிணத்துல வாளி தட்டுது. ஆம்புலன்ஸ் நல்லா வருது சார், அடிக்கடி வருது. ஊளையிட்டுக்கிட்டு மேல பறந்து போகுது, வேற ஊருக்கு. அதுல இருந்து இறங்குறதுக்கு எங்க ஊருக்கு வழி கெடையாது. பிள்ளையார் பிடிக்கப் போயிக் குரங்கா முடிஞ்சது. அந்தப் பழைய மூணு கிலோமீட்டர் இன்னும் அதே குண்டும் குழியும்தான்.

பஞ்சவர்ணம் நாலு எருமையையும் வித்துட்டா. இப்ப நூல் மில்லுக்குப் போறா. மில் வேன் மேல நாலுவழிச் சாலையில வந்து நிக்கும். மண்மேட்டுல கையை ஊனி ஏறித்தான் வேனைப் பிடிக்கணும். ரெண்டு தடவை விழுந்து எந்திரிச்சா. அவ எங்கூடச் சண்டை போடல. அதைச் சொல்லணும். சட்டியை வாங்க வருவா, கொழுந்தன் திதிக்குச் சோறு குடுத்து விடுவா. அந்தக் கொட்டையைப் பத்தி மட்டும் ஒரு சொல்லு பேசுனதில்ல. அவளுக்குத் தெரியாதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன்.

போன ஆவணியில அந்தப் பொண்ணு போன் பண்ணா. அவளுக்கு வைவாவாம். பட்டம் குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சுக் கேள்வி கேப்பாகளாம், பொதுமக்கள் யாரு வேணும்னாலும் வரலாமாம். "அக்கா, நீங்க இல்லாம இந்த ஆராய்ச்சியே இல்ல, அவசியம் வரணும்"ங்கிறா. வர்றேன் ஆத்தா, வந்து குடுக்குறேன் உனக்குப் பட்டம்னு நினைச்சுக்கிட்டேன். நாலு பேரு போனோம். பஞ்சவர்ணத்தைக் கூப்பிடவே இல்ல, அவளே மில்லுக்கு லீவு சொல்லிட்டு வந்து பஸ்ஸுல ஏறி உக்காந்திருந்தா.

ஏசி ஹாலு. ஆளுக்கு ஒரு சமோசாவும் மிக்ஸரும் தட்டுல வச்சுக் குடுத்தாக. பொண்ணு பட்டுச்சேலை கட்டியிருந்தா. திரையில எங்க கண்மாய், நாரை, தாமரை, எல்லாம் ஓடுச்சு. எல்லாமே முன்னாடி இருந்தது. அப்புறம் அந்தக் கட்டம் வந்துச்சு. கண்மாய், பக்கத்துல பூஜ்யம். முட்டை மாதிரி இம்பெருசு.

பேராசிரியர் எந்திரிச்சு, பொதுமக்கள் யாராவது கேக்கணும்னா கேக்கலாம்னாரு. வழக்கமா யாரும் கேக்க மாட்டாகளாம். நான் எந்திரிச்சேன். "ஏம்மா, எங்க கண்மாய் பூஜ்யம்னு உனக்கு எவ சொன்னா? ரெண்டரை மாசம் அதுல குளிச்சேல்ல? அதுல பிடிச்ச கெளுத்தியை எங்கையால ஆக்கிப் போட்டேன், தின்னேல்ல? உனக்குத் தெரியாதா அது பூஜ்யமா இல்லையான்னு? நாங்க படிக்காத முண்டங்க, ஏதோ வச்சோம். நீ படிச்சவதான, எங்களை மீறி ஒரு வரி எழுதக் கூடாதா?"

மிக்ஸர் தின்னுக்கிட்டு இருந்தவக எல்லாம் திரும்பி என்னையப் பாத்தாக.

அவ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா. அழுதுக்கிட்டே சொன்னா. "அக்கா, எனக்கும் நம்ப முடியல. அன்னிக்கு மூணு தடவை எண்ணுனேன். சார்ட்டுக்கு அடியில, பாய்க்கு அடியில எல்லாம் தேடுனேன். ஒரே ஒருத்தர் கண்மாய்க்கு வச்சிருந்தாக்கூட, கருத்து வேறுபாடு இருக்குன்னு எழுதி ரெண்டாவது கூட்டம் போட்டே ஆகணும். முறை அப்படித்தான். ரெண்டாவது கூட்டத்துல ஏன்னு கேக்கலாம், எல்லாரும் பேசுவாங்க. நாப்பத்திரண்டு பேருல ஒருத்தர்கூட வைக்கலியே அக்கா. என் கண்ணால பாத்ததை நான் எழுதலாம். உங்க எல்லாரு மனசையும் மீறி நான் எப்படி முடிவு எழுதுறது?"

நான் உக்காந்துட்டேன். ஏசி எனக்கு ஒத்துக்கிறாது, தலை சுத்திருச்சு.

பஞ்சவர்ணம் எனக்குப் பக்கத்துல இருந்தா. கையில சமோசாத் தட்டு. அவ எந்திரிச்சு, நான் வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அம்புட்டுப் பேருக்கு முன்னாடி என் மானத்தை வாங்கியிருக்கலாம்ல? சொல்லல. தட்டைக் கீழ வச்சுட்டு, தண்ணி பாட்டிலைத் திறந்து எங்கிட்ட நீட்டுனா. குடிங்கக்கான்னா. அம்புட்டுத்தான். எனக்கு அவ மேலதான் கோவம் கோவமா வந்துச்சு. அந்தப் பொண்ணு மேல வந்ததைவிட அதிகமா வந்துச்சு. கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன் சார். எனக்கா பதில் சொல்லத் தெரியாது?

அவளுக்குப் பட்டம் குடுத்துட்டாக. கை தட்டுனாக.

சரி. எடுங்க உங்க மிஷினை. என் பதில் ஒண்ணுதான், இருபத்திரண்டுக்கும் அதையே போட்டுக்கங்க. கண்மாய் வேணும். மிச்சம் இருக்குறதுல ஒரு கூடை மண்ணு விழக் கூடாது. உங்க அணுகுசாலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். சௌந்திரம் சொன்னான்னு எழுதுங்க. தெருவுல மத்தவககிட்டயும் நான் பேசி வச்சுட்டேன். எல்லாரும் இதையேதான் சொல்லுவாக, ஒருத்தர் மாறமாட்டாக. அடுத்தது பக்கத்து வீடு பஞ்சவர்ணம். அவ சாயங்காலம்தான்...

என்ன சொல்றீக? பாத்துட்டீகளா? எப்ப? காலையில வேனுக்குப் போறப்பவா?

என்ன சொன்னா?

இன்னொரு தடவை சொல்லுங்க. "அக்கா என்ன சொல்றாகளோ அதையே எனக்கும் போட்டுக்கங்க"ன்னாளா? கேள்வியைக் கேக்கவே விடலையா? எப்படிச் சொன்னா, கோவமாவா? நக்கலாவா? சாதாரணமாவா. டிபன் தூக்கை மாட்டிக்கிட்டே சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிட்டாளா.

போட்டுட்டீகளா அதுக்குள்ள? இன்னும் போடலையே? போடாதீக. விரலை எடுங்க சார் அதுல இருந்து.

பாருங்க அவ திமிரை. பேசாம இருந்தே ஆளைக் கொல்லுவா. அவளுக்குன்னு ஒரு வாய் இல்ல? அவளுக்கு இப்ப எருமையா இருக்கு, கண்மாய் வேணும்னு சொல்ல? அந்தச் சறுக்கு மேட்டுல ஏறி எறங்கி முட்டியில தோலே இல்ல அவளுக்கு. அணுகுசாலை வந்தா மில் வேன் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். அவளைக் கேட்டா ரோடுன்னுதான் சொல்லுவா. நான் அவளா இருந்தா அதைத்தான் சொல்லுவேன். சொல்லட்டும். ஊரே கண்மாய்ங்கட்டும், அவ ஒருத்தி ரோடுன்னு சொல்லட்டும். அப்பவாச்சும் அந்த ரெண்டாவது கூட்டத்தைப் போட்டுத்தான ஆகணும்? உங்க முறையிலயும் அது உண்டுல்ல? இல்லாட்டியும் பரவாயில்ல. அவ பதிலு அவளுது.

எந்திரிக்காதீக, உக்காருங்க. அவ வேன் அஞ்சரைக்கு வரும். வந்ததும் வாசலை விட்டு இறங்காம நின்னு கேளுங்க, இருபத்திரண்டையும் கேளுங்க, அவ வாயால சொன்னாத்தான் எழுதுவேன்னு சொல்லுங்க. நான்தான் திரும்ப அனுப்புனேன்னு மட்டும் சொல்லிறாதீக சார். எம் பேரைக் கேட்டா அவ மறுபடியும் எனக்கே விட்டுக் குடுத்துட்டுப் போயிருவா.